சாகாத கெண்டை

அந்தச் சாயப்பட்டறையில எல்லா வேலைக்கும் ஒரு பேரு இருந்துச்சுங்க. துணிய வேக வெக்கறவனுக்கு ஒரு பேரு, புழியறவனுக்கு ஒரு பேரு, பாய்லருக்கு வெறகு தள்றவனுக்கு ஒரு பேரு. நாட்ராயன் செஞ்ச வேலைக்கு மட்டும் பேரே கெடையாது. சம்பளச் சீட்டுல தோட்டக்காரன்னு போட்டிருந்தாங்க. தோட்டம்னு பாத்தா கேட்டுக்கிட்ட ரெண்டு அரளிச்செடி, அதுலயும் ஒண்ணு பட்டுப்போயி நின்னுச்சு. அவன் மெய்யாலுமே செஞ்சது என்னன்னா, காலங்காத்தால மொத ஷிப்டு சங்கு ஊதறதுக்கு முன்னால, ஆபீஸ் வாசல்ல இருக்கற கண்ணாடித் தொட்டியில செத்து மெதக்கற பன்னெண்டு கெண்டைய வலையில அள்ளி வாளியில போட்டுட்டு, உசுரோட இருக்கற பன்னெண்டு கெண்டைய உள்ள உடறது. அவ்வளவுதான். பதினோரு வருசமா அதத்தான் செஞ்சான்.

தொட்டிக்கு மேல ஒரு போர்டு. 'எங்கள் ஆலையில் சுத்தம் செய்த தண்ணீரில் வாழும் மீன்கள்.' பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. தண்ணி பட்டறைத் தண்ணிதான், மீனும் மீனுதான், வாழறதும் வாழ்ந்துச்சுதான், சாயங்காலம் வரைக்கும். தொட்டிக்கு வார தண்ணியில மட்டும் சுண்ணாம்பும் மருந்தும் போட்டு நெறத்த எடுத்துருவாங்க. நெறம் போச்சே ஒழிய, மத்ததெல்லாம் அதுலயேதான் இருக்கும். மிச்சத் தண்ணி பட்டறைக்குப் பின்னால பெரிய கொழா வழியா நெறத்தோடவே ஆத்துக்குப் போயிரும்.

துணி வாங்கற கம்பெனிக்காரங்க காருல வந்து எறங்குனா நாட்ராயன் கைகட்டி நின்னு, முதலாளி கொரல்லயே, முதலாளி இருமற எடத்துல இருமி, "பாருங்க சார், எப்படி நீஞ்சுது, கொழந்தைகளாட்டம்"னு சொல்லுவான். அவனுக்கு அந்த வித்தை கைவந்தது. யாரு கொரலு வேணும்னாலும் அவன் தொண்டைக்குள்ள இருந்து வரும். போஸ்ட்மேன் கேளு, போஸ்ட்மேன். கோயில் மைக்குல அறிவிக்கற பண்டாரம் கேளு, பண்டாரம். டீக்கடையில ஆளுக சுத்தி உக்காந்து, "நாட்ராயா, அந்த வெள்ளக்காரனச் செய்யி"ம்பாங்க, செய்வான். கடைசியா, "மீனு சாகறதச் செய்யி"ம்பாங்க. கண்ண உருட்டி, ஒருபக்கமாச் சாஞ்சு, வாயத் தொறந்து மூடி, தொறந்து மூடி, அப்படியே வெறச்சுப்போவான். வவுத்தப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க. அத எங்க பாத்துப் பழகுனான்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

ஊட்டுலயும் சொன்னதில்லை. நாப்பது மைலு தள்ளி ஒரு மீன்பண்ணையில இருந்து டிரம்முல கொண்டாருவான். கேட்டா மீன் தீவனம்பான். செத்ததப் பட்டறை மதிலுக்குப் பின்னால, ஆத்து மேட்டுல ஒரு குழியில போட்டு மண்ணத் தள்ளிருவான். அவன் சம்சாரம் பாவாத்தா, "எங்கூட்டுக்காரரு பதினோரு வருசமா ஒரு மீனச் சாக உட்டதில்லை"ன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சா.

இப்படியே போயிட்டிருக்கறப்ப, மாசி மாசத்துல ஒரு வெள்ளிக்கெழம, பன்னெண்டுல பதினொண்ணு செத்துக் கெடந்துச்சு, ஒண்ணு சாகல.

நெத்தியில வெள்ளையா ஒரு புள்ளி, பொட்டு வெச்சாப்புல. சரி, இன்னிக்கிப் போயிரும்னு உட்டுட்டான். மறுநாளும் சாகல. அதுக்கு மறுநாளும் சாகல. சங்கராந்திக் கரும்பாட்டம் வளந்துச்சுங்க. பங்குனியில சாணு நீளம், சித்திரையில மொழம், வைகாசியில தோள்ல இருந்து வெரலு வரைக்கும் அவன் கை நீளம். தண்ணியில என்ன மருந்து வந்தாலும், உப்பு எத்தன மூட்ட கரைஞ்சாலும், அது பாட்டுக்கு வெள்ளிக்காசாட்டம் மின்னிட்டு, கண்ணாடிக்கிட்ட வந்து நாட்ராயனையே பாத்துட்டு நின்னுச்சு. பதினோரு வருசத்துல அவன ஒரு மீனும் ரெண்டாந்தரம் பாத்ததில்லைங்க. இது தெனமும் பாத்துச்சு. அவன் செத்ததுகள வாளியில அள்ளறப்பல்லாம் வாளியவும் பாத்துச்சு.

முதலாளி வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம், "இனி மாத்த வேண்டாம், இது ஒண்ணு போதும்"னுட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரமே தொட்டி பெருசாச்சு, சுத்தியும் டைல்ஸ் வந்துச்சு, கேட்டத் தொறந்து உட்டு, ஊருசனம் வந்து பாக்கலாம்னு சொல்லிட்டாங்க.

சனமும் வந்துச்சு. மொதல்ல பள்ளிக்கொடத்துப் புள்ளைக வந்துச்சு, அப்பறம் பொம்பளைக வந்தாங்க, அப்பறம் பொம்பளைக வாராங்கன்னு ஆம்பளைக வந்தாங்க. ஒருத்தி மஞ்சத்துணி கட்டுனா. ஒருத்தி வளையல் போட்டா. கெண்டையாத்தான்னு பேரு வந்துருச்சு. யாரு வெச்சாங்கன்னா தெரியாது, ஒரு நாளு இல்ல, மறுநாளு எல்லா வாயிலயும் இருந்துச்சு. நாட்ராயன் நெத்தியில விபூதியப் பூசி உட்டு, "நீதாம்பா பூசாரி"ன்னுட்டாங்க. முப்பது வருசமா மூக்கப் பொத்திட்டுப் போன ஆத்துக்கு சனம் துணி தொவைக்கப் போச்சு. தண்ணி மெரூனாப் போற அன்னிக்கு, "கெண்டையாத்தா குங்குமங் கரைச்சிருக்கறா"ன்னு சொல்லித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. தெளிச்ச எடத்துல அரிச்சுப் புண்ணு வந்தா, "ஆத்தா சோதிக்கறா". ஒரு எருமை தண்ணி குடிச்சுட்டு ஆத்தோரத்துலயே உழுந்துச்சு, "அதுக்கு வயசாச்சு"ன்னாங்க. அதுக்கு மூணு வயசுங்க.

பாவாத்தாளோட அண்ணன் மருதாசலம் ஒருத்தருதான் கிட்ட வரல. அவரு தோப்புல நூத்தியெம்பது தென்னை மொட்டையா நின்னுச்சு. பட்டறை மேல ஊரே சேந்து கையெழுத்துப் போட்ட மனு ஒண்ணு அவரு கையில இருந்துச்சு. கெண்டையாத்தா வந்த பொறகு ஒவ்வொருத்தரா வந்து, "மாமா, எம்பேர அடிச்சுருங்க. மீனே இருக்குது, நமக்கென்ன கொள்ளை?"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கடைசியில அந்தத் தாளுல அவரு கையெழுத்து மட்டும் தனியா நின்னுச்சு, அவரு தோப்பாட்டமே.

ஆனியில நாட்ராயன் மக தமயந்தி தலைப்பிரசவத்துக்கு வந்தா. ஏழு மாசம். வளையல் கலகலங்க ஆட்டோவுல இருந்து எறங்குனவ, அப்பனப் பாத்த ஒடனே, "அப்பா, பூசாரியாயிட்டீங்களாமா? எங்க, சாமி வந்து ஆடுங்க பாக்கலாம்"னா. அவனும் அங்கியே வாசல்ல நின்னு பண்டாரங் கொரல்ல குறி சொன்னான்: "பொட்டப்புள்ளடி, அப்பன் மூக்குடி, வாயி மட்டும் ஆத்தா வாயிடி!" பாவாத்தா சீவக்கட்டையத் தூக்கிட்டு வந்தா. ஊடே சிரிச்சுச்சு. எல்லாருஞ் சேந்து சிரிச்சது அன்னிக்கோட சரி.

ரெண்டு நாளு கழிச்சு, பாவாத்தா முந்தானையில மறைச்சு ஒரு சொம்பு கொண்டாந்தா. தொட்டித் தண்ணி. "ஆடி நோம்பியன்னிக்கி முழுகாம இருக்கறவங்க ஏழு பேர ஆத்தங்கரையில உக்கார வெச்சுத் தீர்த்தம் குடுக்கறாங்களாமா. நம்ம அம்மிணிக்குத்தான் மொதல்ல. அதுக்கு முன்னால ஒரு மொடக்கு..."

சொம்பப் புடுங்கி ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில வீசுனான் நாட்ராயன். வீசுன எடத்துல முருங்கைக் கன்னு ஒண்ணு இருந்துச்சு.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா?"

"அதக் குடிக்கக் கூடாது."

"ஏன் கூடாது? பதினோரு வருசமா நீங்கதான சொன்னீங்க, கொழந்தையாட்டம் நீஞ்சுதுன்னு?"

"நாஞ் சொன்னது பொய்யி, பாவாத்தா. தெனமும் செத்துச்சு. தெனமும் மாத்துனேன்."

அவ ஒரு கணம் அவன் மூஞ்சியப் பாத்தா. அப்பறம் பொக்குனு சிரிச்சுட்டா. "எங்கண்ணனாட்டமே பேசறீங்க! அந்த இழுப்பு, அந்த மூக்கு வெடைக்கறது... கட்டுன பொண்டாட்டிகிட்டயேவா வேசங் கட்டுவீங்க?"

மறுநாளு டீக்கடைக்குப் போனான். பெஞ்சு நெறைய ஆளுக. நாட்ராயன் எந்திரிச்சு நின்னு, "ஒண்ணு சொல்லோணும்"னான். எல்லாரும் டம்ளர வெச்சுட்டுத் திரும்பி உக்காந்தாங்க, கைதட்டறதுக்கு ரெடியா.

"அந்தத் தொட்டியில மீனு வாழாது. நாந்தான் மாத்திட்டிருந்தேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டு, பதினோரு வருசம். நாப்பதாயிரத்துக்கு மேல செத்திருக்குது. இந்த ஒண்ணு ஏன் சாகலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க."

கடைக்காரரு வடைச்சட்டியில கரண்டிய நிறுத்திட்டாரு. அப்பறம் ஒருத்தன் மெதுவாக் கேட்டான்: "யாரு கொரலு இது? புடிபடலியே?"

"போன எலக்சன்ல நின்ன தலைவரா?"

"அவரு தொண்ட கட்டையப்பா. இது வேற. ஏ நாட்ராயா, யாரு இது, நீயே சொல்லிரு!"

"மறுக்காச் செய்யி, மறுக்காச் செய்யி!"

அவன் மறுக்காச் சொன்னான். சிரிச்சாங்க. கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னான். இன்னும் சிரிச்சாங்க. வேர்த்து ஊத்த ஊத்தச் சொன்னான், ஒருத்தன் சிரிச்சுப் பெஞ்சுல இருந்தே உழுந்துட்டான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் சைக்கிளப் புடிச்சுட்டு நின்ன மருதாசலம் மட்டும் சிரிக்கல. சைக்கிளச் சாத்திட்டு வந்து, அவன் தோளப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனாரு.

"மாப்ள, அது உன்ற கொரலுதான?"

நாட்ராயன் தலையாட்டுனான்.

"இவனுக ஒருத்தனும் அதக் கேட்டதே இல்லியே, எப்படித் தெரியும்? நான் ஒருக்காக் கேட்டிருக்கறேன். ஒம்பது வருசத்துக்கு முன்னால. ஆஸ்பத்திரி வாசல்ல."

ரெண்டு பேரும் சைக்கிளத் தள்ளிட்டு நடந்தாங்க. "வாயில சொன்னா வேசம்பாங்க. கையில காட்டு"ன்னாரு மருதாசலம்.

ஆடிப் பதினெட்டுக்கு மொத நாளு பட்டறை லீவு. ரெண்டு பேரும் மம்பட்டி, கூடை, சல்லடை எடுத்துட்டு மதிலுக்குப் பின்னால போனாங்க. வெயிலு சுள்ளுனு அடிச்சுது. எலும்பு வெள்ளையா இருக்கும்னுதான் நெனச்சுத் தோண்டுனாங்க. மொதக் கூடையச் சலிச்சப்ப மருதாசலம் கையிலிருந்து சல்லடை கீழ உழுந்துச்சு.

எலும்பெல்லாம் ரோஸு நெறம். பூவிதழாட்டம். ஒரு அடி எறங்குனா சாம்பல். அதுக்குக் கீழ மெரூன். அதுக்குங் கீழ கருநீலம், மசியில தோச்சாப்புல. தண்ணியில இருந்து எடுத்துட்டோம், எடுத்துட்டோம்னு சொன்ன நெறமெல்லாம் எங்கியும் போகலீங்க. அந்தக் கெண்டைக எலும்புக்குள்ள போயி உக்காந்திருந்துச்சு. ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு அடுக்கு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவால நூல் புடிச்சாப்புலக் கோடு. அந்த மண்ணுல புழு பூச்சி கூட இல்லாததால ஒண்ணும் மக்கல. கிளிப்பச்சை அடுக்கு வந்தப்ப நாட்ராயன் மம்பட்டியக் கீழ வெச்சுட்டுக் கையாலயே அள்ளுனான்.

நோம்பியன்னிக்கிப் பொழுது கௌம்ப, பட்டறை கேட்டுல இருந்து ஆத்தங்கரை வரைக்கும் போற பாதையில, துணிய அலசிக் காயப் போட்டாப்புல, கெண்டை எலும்பு நெறம் நெறமாப் பரப்பிக் கெடந்துச்சு. நடக்கறதுக்கு ஓரமா ஒத்தையடிதான் எடம்.

பம்பையும் உறுமியும் அடிச்சுட்டு ஊர்கோலம் வந்துச்சு. மொளப்பாரி தூக்குன பொம்பளைக, பின்னால பட்டுச்சேலையில ஏழு பேரு, எல்லாத்துக்கும் முன்னால தொட்டித் தண்ணி நெறஞ்ச பித்தளைச் சொம்பத் தூக்கிட்டுப் பாவாத்தா. கேட்டத் தாண்டி நாலு எட்டு வெச்சதும் நின்னுட்டா. பம்பை நின்னுச்சு. உறுமிக்காரன் மட்டும் என்னன்னு தெரியாம இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நிறுத்துனான்.

ஒருத்தரும் யாரையும் ஒண்ணுங் கேக்கல. கேக்கத் தேவையில்லீங்க. எந்த வருசம் ஆறு முக்காவாசி நாளு எந்த நெறமா ஓடுச்சுன்னு அந்த ஊர்ல நடக்கத் தெரிஞ்ச கொழந்தைக்குக் கூடத் தெரியும்.

"இந்த நீலம்..." ஒரு பொம்பள மெல்லக் குனிஞ்சா. "இது எங்க மாமனாரு கிட்னி கெட்டு மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ண ஆரம்பிச்ச வருசமல்ல?"

"மெரூனுல எங்க கெணறு பூட்டுனோம்."

"சாம்பல்ல நம்ம எருமை கண்ணில்லாம கன்னு போட்டுச்சு."

டீக்கடையில பெஞ்சுல இருந்து உழுந்து சிரிச்சவன், மொளப்பாரியத் தூக்கிட்டு வந்த சம்சாரத்துக்குப் பின்னால போயி மூஞ்சிய மறைச்சுக்கிட்டான். சனம் ஒத்தையடியா ஒவ்வொரு நெறத்துக்கிட்டயும் நின்னு நின்னு போச்சு. பெரிய காரியம் நடந்த ஊட்டுல செத்தவங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறாப்புல.

பாவாத்தா கிளிப்பச்சைக்கிட்ட வந்து நின்னா. நாட்ராயன் அந்தப்பக்கம் மண்ணு ஒட்டுன கையோட நின்னான்.

"இந்தப் பச்சையில நான் முழுகாம இருந்தனுங்க"ன்னா.

"ஆமா."

"தமயந்திக்குப் பதினாலு வருசங் கழிச்சு. ஊரே கேலி பண்ணுச்சு. எட்டாம் மாசம்..."

"ஆமா, பாவாத்தா."

"அப்பவும் மீனு செத்துச்சா?"

"தெனமும் பன்னெண்டு."

"நான் கெணத்துத் தண்ணியச் சொம்பு சொம்பாக் குடிச்சுட்டிருந்தேன். நீங்கதான மோந்து குடுத்தீங்க. அப்பவும் தெரியுமா?"

நாட்ராயன் வாயத் தொறந்தான். சத்தம் வரல. மூடுனான். தொறந்தான், மூடுனான். கண்ணு ரெண்டும் அப்படியே நின்னுபோயி, வாயி மட்டும் தொறந்து தொறந்து மூடுச்சு. டீக்கடையில எத்தனையோ தரம் செஞ்சு காட்டுன அதே வாயிதான், அதே கண்ணுதான். ஊரே நின்னு பாத்துச்சு. ஒருத்தருஞ் சிரிக்கல.

பாவாத்தா சொம்பக் கீழ வெச்சா. பட்டுச்சேலையில நின்ன மக கையப் புடிச்சு, "அம்மிணி, நீ ஊட்டுக்குப் போ. மாமன் தோட்டத்துல லாரித் தண்ணி வந்திருக்கும், அதக் குடி"ன்னா. அப்பறம் திரும்பி, வந்த வழியிலயே பட்டறைக்குள்ள போனா. வாட்ச்மேன் தடுக்கல. கைய உட்டு அந்தக் கெண்டையத் தூக்கி, முந்தானையில கொழந்தையாட்டம் ஏந்திட்டு வெளிய வந்தா. தண்ணிய உட்டு எடுத்தும் அது சாகலீங்க. அவ நடக்க நடக்க, தலையத் தூக்கி, ரோஸப் பாத்துச்சு, சாம்பலப் பாத்துச்சு, மெரூனப் பாத்துச்சு, நீலத்தப் பாத்துச்சு. பச்சைக்கிட்ட அவ கீழ எறக்கி வெச்சா. அந்த எலும்புகளுக்கு நடுவால ஒருபக்கமாச் சாஞ்சு படுத்து, பன்னெண்டு தரம் வாயத் தொறந்து மூடுச்சு. பதிமூணாந்தரம் தொறக்கல.

எங்க பக்கத்துல பொம்பள செத்தா, பொறந்த ஊட்டுல இருந்து கோடித்துணி வந்தாத்தான் எடுப்பாங்க. அண்ணனோ தம்பியோ கொண்டாந்து போடோணும். பண்ணையில பொரிச்சாலும் இதுகளுக்குப் பொறந்த ஊடு ஆறுதான். ஆத்துல இருந்து வார அண்ணந்தம்பி யாரு இருக்கறா? மருதாசலம் தோள்ல கெடந்த சாயம் போடாத காடாத் துண்ட எடுத்து ஒதறி, கெண்டை மேல போத்துனாரு. ஒருத்தர் போட்டதும் இன்னொருத்தரு போட்டாரு. துண்டு இல்லாதவங்க வேட்டியக் கிழிச்சாங்க. அந்தப் பாதை முச்சூடும் வெளுத்துப்போச்சு. நெறம் நெறமாத் துணி போட்டு ஒலகத்துக்கே அனுப்பற ஊர்ல, அன்னிக்கி வெள்ளத்துணி பத்தல.

மனுவுல மறுபடியும் கையெழுத்து ஏறுச்சு. அது எந்த ஆபீஸ்ல கெடக்குதுன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறாங்க. பட்டறை ஓடிட்டுத்தான் இருக்குது. வாசல்ல தொட்டி காலியாக் கெடக்குது. மாத்தறதுக்கு ஆளு கேட்டு முதலாளி எங்கெங்கயோ சொல்லி உட்டாரு, ஒருத்தரும் போகல. பாவாத்தா நாட்ராயனோட நாப்பது நாளு பேசல. சோறு போட்டா, தண்ணிச் சொம்ப மட்டும் அவளே நீட்ட மாட்டா. அவனே எந்திரிச்சுப் போயி மோந்துக்குவான்.

ஆவணிக் கடைசியில, ஆஸ்பத்திரி வராந்தாவுல, ஒம்பது வருசத்துக்கு முன்னால உக்காந்த அதே பெஞ்சுல அவன் உக்காந்திருந்தான். கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு கொரலு வீல்னு கெளம்புச்சு. கூட வந்த சனம் பழக்கத்துல அவனத்தான் பாத்துச்சு. "ஏப்பா, யாராட்டம் இருக்குது கொரலு? அப்பனாட்டமா, ஆத்தாளாட்டமா? நீதான் சரியாச் சொல்லுவ."

நாட்ராயன் காதக் குடுத்துக் கேட்டான். கண்ண மூடிக் கேட்டான்.

"யாராட்டமும் இல்லீங்க"ன்னான். "அதும்பட சொந்தக் கொரலு."

பாவாத்தா உள்ள இருந்து வந்தா. தூக்குப்போசியில இருந்து ஒரு டம்ளரு தண்ணி ஊத்தி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, மோந்து பாத்து, மொதல்ல அவ ஒரு மொடக்குக் குடிச்சா. கொஞ்ச நேரம் நின்னா. அப்பறம் மிச்சத்த அவங்கிட்ட நீட்டுனா.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஆறு போயிட்டிருந்துச்சு. அன்னிக்குக் கத்திரிப்பூ நெறம்.